கூட்டுப் பட்டா

மேட்டுக்கொட்டாய்,
மாரண்டஹள்ளி.
1.12.2025

தங்கை கோகிலவாணிக்கு,

அண்ணன் மாதேஸ்வரன் எழுதுவது. நான், உன் அண்ணி அமுதவல்லி, மகள் கலைமதி மூவரும் இங்கே சுகம். நீயும் உன் வீட்டில் உள்ளவர்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அம்மாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு பழைய பொங்கல் வாழ்த்து அட்டை கிடைத்தது. அதிலிருந்துதான் உன் விலாசத்தை எடுத்தேன். இப்போதும் அதே விலாசம்தானா, தெரியாது. உன் போன் நம்பர் என்னிடம் இல்லை.

போன வருஷம் தக்காளி போட்டு, பறிக்கிற கூலிக்குக்கூட ஆகாமல் ரோட்டோரம் கொட்டினோம். அதனால் இந்த முறை மூன்று ஏக்கரிலும் ராகிதான் விதைத்தேன். மழை கைகொடுத்தது. முப்பத்தெட்டு மூட்டை அடித்துக் களத்தில் அடுக்கியிருக்கிறேன். ரேஷன் கடைக்குக் கொடுப்பதற்காக அரசாங்கம் ராகி வாங்குகிறது அல்லவா, அந்தக் கொள்முதல் நிலையத்தில் போட்டால் வியாபாரி தருகிற விலையைவிடக் கிலோவுக்குப் பதினைந்து ரூபாய் கூடக் கிடைக்கும்.

அம்மா இருந்தவரை நிலம் அவள் பேரில் இருந்தது. வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போய் ரேகை வைக்கச் சொல்வேன், வேலை முடிந்துவிடும். மார்ச்சில் அவள் போன பிறகு வாரிசுப்படி உன் பேரும் என் பேரும் சேர்ந்து கூட்டுப் பட்டாவாகிவிட்டது. நிலையத்தில் சிட்டாவைப் பார்த்துவிட்டு, "இன்னொரு பேர் இருக்குதேங்க, அவங்க சம்மதம் எங்க?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இத்துடன் இரண்டு தாள் வைத்திருக்கிறேன். பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடங்களில் கையெழுத்துப் போட்டு, உள்ளே இருக்கும் தபால்தலை ஒட்டிய உறையில் அனுப்பிவிடு. இந்த மாதம் முப்பதாம் தேதியோடு நிலையத்தை மூடுகிறார்கள். இந்த ராகி நல்ல விலைக்குப் போகாவிட்டால் விவசாயத்தை விட்டுவிட்டு ஜனவரியில் ஓசூரில் கம்பெனி வாட்ச்மேன் வேலைக்கு வருவதாக அமுதவல்லியின் தம்பி பிரபாகரிடம் சொல்லியிருக்கிறேன். யூனிபார்முக்கு அளவுகூட எடுத்துவிட்டார்கள்.

தாமதம் செய்யாதே.

உன் அண்ணன்,
மாதேஸ்வரன்


அரசமரத்து வளவு,
சித்தேரி மலை.
6.12.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

கோகிலா வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. உங்கள் எழுத்தைப் பார்த்து ஒன்பது வருஷம் ஆகிறது. 'க' வுக்குக் கொம்பு முளைத்த மாதிரி எழுதுவீர்களே, அது அப்படியே இருக்கிறது.

இவர் இங்கே கிளை அஞ்சலகத்தில் தபால் கொடுக்கிற வேலையில் இருப்பது உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. வேலைக்கு நடுவில் எங்கள் காட்டையும் பார்த்துக்கொள்கிறார். மற்றத் தபாலையெல்லாம் பையில் போட்டவர், உங்கள் கடிதத்தை மட்டும் சட்டைப்பையில் வைத்து எடுத்து வந்தார். நான் குப்பைக் கூடையோடு நின்றுகொண்டிருந்தேன். "மாரண்டஹள்ளி முத்திரை கோகிலா. கையக் கழுவிட்டு வா" என்றார். இரண்டு தடவை கழுவினேன். உறையில் இருந்த உங்கள் பேரை எங்கள் பையன் குரு எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இது யாரும்மா?" என்றான். அவனுக்கு ஏழு வயது. மாமா என்று சொன்னேன். "எந்த ஊர் மாமா?" என்று அடுத்த கேள்வி வந்தது.

எங்கள் வளவில் போன் எடுக்காது. மேலே பாறைக்கு ஏறிப் போனால் கொஞ்சம் எடுக்கும். எடுத்தாலும் நான் உங்களிடம் போனில் பேச மாட்டேன் அண்ணா. உங்கள் குரலைக் கேட்டால் பாதியில் நின்றுவிடுவேன். கடிதம் என்றால் துடைத்துக்கொண்டு மறுபடி எழுதலாம்.

மூன்று ஏக்கரும் ராகி என்று படித்ததும் சந்தோஷமாக இருந்தது. தக்காளியைக் கொட்டினீர்கள் என்ற வரியை இவரிடமும் படித்துக் காட்டினேன். நீங்கள் வாட்ச்மேன் உடுப்பில் ஒரு கேட்டுக்கு முன்னால் நிற்பதை நினைத்துப் பார்க்க முடியவில்லை. வந்து போகிறவர்களுக்கெல்லாம் சல்யூட் வைக்க வேண்டியிருக்குமே. உங்களுக்கு வணக்கம் சொல்லவே கை வராது.

முதல் தாள் எனக்குப் புரிந்தது. விளைந்த ராகியை நீங்கள் விற்க எனக்குச் சம்மதம் என்று இருக்கிறது. இரண்டாவது தாள் இருபது ரூபாய்ப் பத்திரம். அதில், மேற்படி நிலத்தில் எனக்கு இப்போதும் எப்போதும் எந்த உரிமையும் கிடையாது, அண்ணன் யாருக்கு விற்றாலும் ஆட்சேபம் இல்லை என்று எழுதியிருக்கிறது.

ராகி விற்க இது எதற்கு அண்ணா? நிலையத்தில் கேட்டார்களா? தப்பாக நினைத்துக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்கிறேன். பதில் வந்த அன்றே கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன்.

அண்ணிக்கும் கலைமதிக்கும் என் அன்பு. கலைமதி இன்னும் உயரமாகியிருப்பாள்.

உங்கள் தங்கை,
கோகிலா


மேட்டுக்கொட்டாய்,
10.12.2025

கோகிலவாணிக்கு,

உன் கடிதம் வந்தது. தாள் வரும் என்று பார்த்தால் கேள்வி வந்திருக்கிறது.

இரண்டு தாளும் வேண்டும் என்று ஆபீசில்தான் சொன்னார்கள். ஆபீஸ் வழக்கம் எனக்கென்ன தெரியும்? கேட்டதைக் கொடுக்கிறவன் நான். நீ படித்தவள், வரிக்கு வரி பார்க்கிறாய். இங்கே எனக்கு வானத்தைப் பார்க்கவே நேரம் சரியாக இருக்கிறது. புயல் என்று டிவியில் சொன்னதிலிருந்து மூன்று நாளாகத் தூறல். இரண்டு தார்ப்பாய் போட்டு நாலு பக்கமும் கல் வைத்திருக்கிறேன். அடியில் ஈரம் ஏறியிருக்குமோ என்று மணிக்கு ஒரு தடவை கையை விட்டுப் பார்க்கிறேன். ஈரப்பதம் கூடினால் நிலையத்தில் தொடமாட்டார்கள்.

வியாபாரி மாதப்பன் தினமும் களத்தோரம் பைக்கை நிறுத்தி, ஒரு பிடி ராகியை அள்ளி ஊதிப் பார்த்துவிட்டுப் போகிறான். விலை பேசுவதில்லை. எப்படியும் தன்னிடம்தான் வரும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நேற்றுப் போகும்போது, "என்னா மாதேசு, தங்கச்சி கையெழுத்து வந்துச்சா?" என்று சிரித்தான். ஊருக்கே தெரிந்துவிட்டது.

அம்மா படுக்கையில் கிடந்த எட்டு மாதம் யார் தூக்கி உட்காரவைத்தது? யார் சோறு ஊட்டியது? அமுதவல்லி ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. நீ மலைமேல் இருந்துகொண்டு சட்டம் பேசுவது சுலபம். நீயாகத்தான் போனாய். யாரும் துரத்தவில்லை.

தாளை அனுப்பு. இருபது நாள்தான் இருக்கிறது, டோக்கன் வேறு வாங்க வேண்டும்.

மாதேஸ்வரன்


அரசமரத்து வளவு,
15.12.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

முதல் தாளில் கையெழுத்துப் போட்டு, ஆதார் நகலையும் சேர்த்து இத்துடன் வைத்திருக்கிறேன். இவர் இன்று அரூருக்குப் போகிறார். அங்கே பெரிய தபாலாபீசில் ஸ்பீடு போஸ்டில் போடச் சொல்லியிருக்கிறேன். இரண்டாவது தாளை வைக்கவில்லை. அது என்னிடம் இருக்கிறது.

போன வாரம் இவர் அரூர் போயிருந்தபோது அங்கே ராகி எடுக்கிற இடத்தில் விசாரித்திருக்கிறார். சம்மதக் கடிதம் ஒன்றுதான் கேட்பார்களாம். பத்திரமெல்லாம் யாரும் கேட்பதில்லையாம். அதைக் கேட்டுவிட்டு வந்தவர் என்னிடம் நேரே சொல்லவில்லை. சாப்பிட்டு, கை கழுவி, வெளியே போய் நின்றுவிட்டு வந்துதான் சொன்னார். உங்களைக் கெட்டவராக்கிச் சொல்ல அவருக்கு விருப்பமில்லை.

அண்ணா, அந்த நிலத்தைக் கேட்டு நான் வருவேன் என்று நினைத்தீர்களா? ஒன்பது வருஷத்தில் ஒரு படி ராகி கேட்டு வந்திருக்கிறேனா?

ஆனால் அந்தத் தாளில் என்னால் கையெழுத்துப் போட முடியாது. ஏன் என்று சொல்கிறேன். நாங்கள் இங்கே உழுகிற காடு இவருடைய அப்பா கல் பொறுக்கிச் சரி செய்த இடம். சாமையும் ராகியும் விளைகிறது. ஆனால் பட்டா கிடையாது. மனு கொடுத்து ஆறு வருஷம் ஆகிறது. பட்டா இல்லாததால் எங்கள் ராகியை அரசாங்க விலைக்குப் போட முடியாது. மலையேறி வருகிற வியாபாரி சொன்னதுதான் விலை. படியும் அவன் படிதான். எங்கள் ராகி உங்கள் ராகியைவிட மட்டமில்லை அண்ணா. தாள் இல்லை, அவ்வளவுதான்.

எங்காவது ஒரு மண்ணில் என் பேர் எழுதியிருக்கிறது என்றால் அது உங்கள் சிட்டாவில் மட்டும்தான். அதில் பயிர் வைக்க வேண்டாம், விளைந்ததில் பங்கு வேண்டாம். பேர் இருக்கட்டும் என்றுதான் நினைக்கிறேன்.

யாரும் துரத்தவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நிஜம்தான். டீச்சர் வேலைக்கு வந்த இடத்தில் மலைக்காரரான இவரைக் கட்டிக்கொண்டது நானாக எடுத்த முடிவு. ஆனால் அம்மா செத்த அன்று நாங்கள் இரண்டு பேரும்தான் வந்தோம். நான் உள்ளே வந்து அழுதேன். இவர் ரோட்டிலேயே நின்றார். வெயிலில் நாலு மணி நேரம். யாரோ உங்களிடம், "அவர உள்ள கூப்புட்டுக்கலாமா?" என்று கேட்டார்கள். நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் போனீர்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அம்மாவை அண்ணி கவனித்துக்கொண்டதை நான் மறக்க மாட்டேன். அவர்களிடம் சொல்லுங்கள்.

ராகி நனையாமல் போய்ச் சேர வேண்டும். அது மட்டும்தான் இப்போது என் வேண்டுதல்.

கோகிலா


மேட்டுக்கொட்டாய்,
20.12.2025

அன்புள்ள கோகிலாவுக்கு,

தாள் பதினெட்டாம் தேதி வந்து சேர்ந்தது. அன்றைக்கே நிலையத்துக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்தவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கையெழுத்து சரிங்க. ஆனா இந்த வருசம் ஆளே வரணும். மெசின்ல ரேக வெக்கணும்" என்றார். எங்கோ ஒருவர் செத்துப்போன பங்காளி பேரில் கையெழுத்துப் போட்டு விற்றுவிட்டாராம். அதிலிருந்து இப்படி மாற்றிவிட்டார்களாம். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "தங்கச்சிதானேங்க, ஒரு எட்டு வந்துட்டுப் போகச் சொல்லுங்க" என்றார். அதற்கு என்ன சொல்வது?

டோக்கன் கொடுத்துவிட்டார்கள். இருபத்தொன்பதாம் தேதி திங்கட்கிழமை காலை பதினொரு மணி. மறுநாளோடு நிலையம் மூடுகிறது.

உன் கடிதத்தை அங்கேயே ஒரு மரத்தடியில் உட்கார்ந்து இரண்டாம் தடவை படித்தேன். பொய் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். பிரபாகருக்குத் தெரிந்த ஒருவர் நம் பக்கம் மனை பிரித்து விற்க நிலம் தேடுகிறார். உன் பேர் இருக்கிறவரை ஒன்றும் நகராது என்று பிரபாகர் சொன்னான். "ராகிக்கு வாங்கறப்பவே இதையும் வாங்கிருங்க மாமா, ஒரே வேலையா முடிஞ்சிடும்" என்றான். பத்திரத்தை எழுதிக் கொண்டுவந்தது அவன். உறைக்குள் வைத்தது நான். அவன்மேல் பழி போட மாட்டேன்.

நிலத்தை விற்கிற ஆசை எனக்கு இல்லை. பயம்தான். நாற்பத்தெட்டு வயது ஆகிறது. ஒவ்வொரு வருஷமும் இதே பயம். மழை வருமா, வந்தால் நிற்குமா, விளைந்தால் விலை இருக்குமா. காலையில் எழுந்ததும் முதலில் அண்ணாந்து மேகம் பார்க்கிறேன். வாட்ச்மேன் வேலையில் அது இருக்காது என்று நினைத்தேன்.

அம்மா செத்த அன்று துண்டை உதறியது எனக்கும் நினைவிருக்கிறது.

இவ்வளவும் செய்துவிட்டு வா என்று உன்னைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. தேதியையும் நேரத்தையும் எழுதிவிட்டேன். நீ வராவிட்டால் குறையாக நினைக்க மாட்டேன். மாதப்பனுக்குப் போட்டுவிடுவேன்.

அண்ணன்


அரசமரத்து வளவு,
1.1.2026

அன்புள்ள அண்ணனுக்கு,

அன்று நிலையத்திலிருந்து நானும் இவரும் பத்திரமாக வந்து சேர்ந்தோம். அரூரில் இரவு பஸ்ஸைப் பிடித்துவிட்டோம். பக்கத்து வீட்டில் விட்டுப்போயிருந்த குரு தூங்காமல் உட்கார்ந்திருந்தான்.

நீங்கள் மூட்டை இறக்கப் போன நேரத்தில் உள்ளே என்ன நடந்தது என்று உங்களிடம் சொல்லவே முடியவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் என் கட்டைவிரலை மெசினில் வைக்கச் சொன்னாள். சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி வைத்தேன், மறுபடியும் சிவப்பு. வலது கை, இடது கை, ஆள்காட்டி விரல் என்று எல்லாம் பார்த்தாயிற்று. என் விரலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "காட்டு வேலைங்களாக்கா? ரேக தேஞ்சு கெடக்குது" என்றாள். பின்னால் பதினைந்து பேர் நின்றார்கள். "இன்னும் ஒரு தடவ தப்பாச்சுன்னா லாக் ஆயிருங்க்கா. அப்புறம் நாளைக்குத்தான். நாளைக்கு டோக்கன் எல்லாம் முடிஞ்சிருச்சு" என்று மெதுவாகச் சொன்னாள்.

கையெழுத்தும் வேண்டாம் என்கிறார்கள், விரலும் செல்லாது என்கிறது, பிறகு எதைக் காட்டி நான்தான் கோகிலவாணி என்று சொல்வது? வரிசையில் நின்ற ஒரு அம்மா, "வெந்நீர்ல கழுவிட்டு வா கண்ணு. எனக்கும் அப்படித்தான் ஆச்சு" என்றார்கள். டீக்கடையில் ஒரு டம்ளர் வெந்நீர் வாங்கி விரலை ஊறவைத்து, முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தேன். இடது கை நடுவிரலை வைத்தேன். பச்சை எரிந்தது. திரையில் உங்கள் பேரும் அதற்குக் கீழே என் பேரும் வந்தது. எழுத்துக்கு எழுத்து படித்தேன். அந்தப் பெண், "நகருங்கக்கா" என்று சொல்கிறவரை அங்கேயே நின்றேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பார்த்தால் இவர் சட்டைத் தோள் முழுக்கப் புழுதி. "என்னங்க இது?" என்று கேட்டேன். "மூட்ட" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாங்கள் கிளம்பும்போது நீங்கள் ஏதோ சொல்ல வந்தீர்கள். வீட்டுக்கு வரச் சொல்லத்தான் என்று நினைக்கிறேன். சொல்வதற்குள் நான், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டேன். அடுத்த பஸ் இருப்பது எனக்குத் தெரியும். நீங்கள் சொல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்து முந்திக்கொண்டேன்.

பணம் கணக்கில் ஏறியதும் ஒரு வரி எழுதுங்கள். ஏறுகிறவரை எனக்கும் நிம்மதி இருக்காது.

கோகிலா


மேட்டுக்கொட்டாய்,
8.1.2026

அன்புத் தங்கை கோகிலாவுக்கு,

நேற்றுப் பணம் ஏறிவிட்டது. முப்பத்தெட்டு மூட்டையும் போனது. இரண்டு மூட்டையில் ஈரம் கொஞ்சம் கூட இருந்ததால் அங்கேயே சிமெண்டுத் தரையில் கொட்டி ஒரு மணி நேரம் காயவைத்து எடுத்துக்கொண்டார்கள். உன் பாதியை உழவு, கூலிச் செலவு போகத் தனியாக வைத்திருக்கிறேன். வேண்டாம் என்று எழுதாதே.

தோள் புழுதிக்கு நான் பதில் சொல்கிறேன். அன்றைக்குச் சுமை தூக்க ஒரே ஒருவர்தான் வந்திருந்தார். அவர் வேறு வண்டியில் இருந்தார். எடை போடுகிறவர், "தூக்கியாறீங்களா, அடுத்த டோக்கனக் கூப்புடவா?" என்று கத்தினார். நானே முதுகில் ஏற்றினேன். எட்டாவது மூட்டையில் முழங்கால் மடங்கிவிட்டது. மூட்டை சரிந்து என்மேல் விழப்போனது. கேட்டோரம் நின்றவர் எப்படி அவ்வளவு சீக்கிரம் வந்தார் என்று தெரியவில்லை. தோளைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டார். "இன்னும் எத்தினிங்க இருக்குது?" என்றார். "முப்பது" என்றேன். "நீங்க ஓரமா குந்துங்க" என்றார். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. மீதி முப்பதையும் அவரே தூக்கினார்.

தூக்கி முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். குடத்தின்மேல் சொம்பு இருந்தது. அவர் சொம்பைத் தொடாமல் குழாயில் கையேந்திக் குடித்தார். நான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சொம்பில் எடுத்துக் கொடுத்திருக்கலாம். எழுந்திருக்கத் தோன்றவில்லை. பத்து நாளாக அதுதான் கண்ணில் நிற்கிறது. நன்றிகூடச் சொல்லவில்லை கோகிலா.

பிரபாகரிடம் ஓசூர் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மனைக்காரரிடமும் முடியாது என்றாகிவிட்டது. அவன் கோபித்துக்கொண்டு போனான். அமுதவல்லி அழுதாள். தம்பி பேச்சைத் தட்டிவிட்டேன் என்று அவளுக்கு வருத்தம். அடுத்த வருஷம் விலை விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்கிறாள். எனக்கும் தெரியாது.

இன்னொன்று. தாலுகா ஆபீசில் உட்பிரிவுக்கு மனு கொடுத்துவிட்டேன். ஒன்றரை ஏக்கர் உன் பேரில் மட்டும் தனிப் பட்டாவாக வரும். நாளைக்கு நான் இல்லாத காலத்தில் வேறு யாரும் உன்னிடம் ஒரு தாளை நீட்டக் கூடாது. உழுவது, விதைப்பதைப் பற்றியெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம். இந்த மாதம் இருபத்தொன்பதாம் தேதி சர்வேயர் அளக்க வருகிறார். கல் நடும்போது நீ இருக்க வேண்டும். கிணற்றுப் பக்கம் வேண்டுமா, ரோட்டுப் பக்கம் வேண்டுமா என்று நீயே சொல்.

இந்த முறை நிலத்திலிருந்து அப்படியே திரும்பிப் போகக் கூடாது. வீட்டுக்கு வர வேண்டும். குருவையும் கூட்டி வா.

அண்ணன்,
மாதேஸ்வரன்


அரசமரத்து வளவு,
13.1.2026

அண்ணா,

கடிதத்தை இவரிடம் படித்துக் காட்டினேன். குழாய்த் தண்ணீர் இடம் வந்ததும் எழுந்து மாட்டுக்குத் தீனி போடப் போய்விட்டார். அப்போதுதான் போட்டிருந்தார்.

தனிப் பட்டா என்பதை நான்கைந்து தடவை படித்துவிட்டேன். எந்தப் பக்கம் கொடுத்தாலும் சரி. அண்ணியை அழவைத்துவிட்டு எனக்கு ஒன்றும் வேண்டாம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நானும் குருவும் இருபத்தெட்டாம் தேதியே வந்துவிடுவோம். நான் எங்கே வேண்டுமானாலும் படுத்துக்கொள்வேன், அது நான் பிறந்த வீடு. ஆனால் நீங்கள் என்னையும் குருவையும் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறீர்கள். இவரைப் பற்றி அந்த இடத்தில் ஒரு வார்த்தை இல்லை. மறந்திருக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்துக்கொள்ளப் பார்க்கிறேன்.

லீவு போடட்டுமா என்று இவர் கேட்கவில்லை. நானும் போடச் சொல்லவில்லை. ஒன்று மட்டும் எழுதுங்கள். இவர் வந்தால் எங்கே உட்காரவைப்பீர்கள்?

கோகிலா


மேட்டுக்கொட்டாய்,
18.1.2026

அன்பு கோகிலாவுக்கு,

மறக்கவில்லை. எழுத வந்து, எப்படி எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். உன் கேள்வியைப் படித்த பிறகு இதற்குமேல் விட முடியாது.

வீட்டுக்குள். கூடத்தில். என் பக்கத்தில். சாப்பாடும் அங்கேதான், எல்லோரோடும் ஒரே பந்தியில். மாப்பிள்ளையை லீவு போடச் சொல். நான் சொன்னதாகவே சொல்.

யார் என்ன சொன்னாலும் கவலையில்லை என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. அது பொய்யாகிவிடும். பெரியப்பா வீட்டில் இப்போதே கேட்டுவிட்டார்கள், "மலக்காரன வூட்டுக்குள்ள ஏத்தப் போறியாமே?" என்று. "ஆமாங்க" என்றேன். சொல்லிவிட்டுக் களத்துக்கு வந்து, மடித்து வைத்த தார்ப்பாயை மறுபடி பிரித்து மடித்தேன். பயமாகத்தான் இருக்கிறது கோகிலா. பயத்தோடுதான் கூப்பிடுகிறேன்.

அமுதவல்லியிடம் உன் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துக் கொடுத்தாள். இரண்டு நாள் என்னோடு பேச்சே இல்லை. இன்று காலை நான் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து கேட்டாள்: "ஏனுங்க, அவரு கறி சாப்புடுவாரா? காரம் கூட வேணுமா, கம்மியா வேணுமா?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். "என்னா மனுசரோ நீங்க. தங்கச்சி புருசன் என்னா சாப்புடுவாருன்னுகூடத் தெரியல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவரிடம் கேட்டு உடனே எழுது. அண்ணி அடுப்படியில் இருந்து இரண்டு தடவை கேட்டுவிட்டாள்.

உன் அண்ணன்,
மாதேஸ்வரன்